வங்கிக் கடனுக்கான சொத்து மதிப்பீட்டில் தரப்படும் அழுத்தத்தைத் தடுக்கவும், புகார்களை எழுத்து மூலம் கையாளவும் கோரும் மனு

அனுப்புநர்:
வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு வட்டங்களில் வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்துவரும் பொறியாளர்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர் – 632 009

பொருள்: வங்கிகளின் அங்கீகாரப் பட்டியலில் (பேனலில்) உள்ள மதிப்பீட்டாளர்கள் மீதான அழுத்தமும் வாய்வழிப் புகார்களும் – மாவட்ட வங்கியாளர்கள் கூட்டத்தில் பொருளாக வைத்துப் பொது நடைமுறை வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடன் கேட்பவரின் வீட்டையோ மனையையோ நேரில் பார்த்து, அளந்து, இன்றைய சந்தையில் என்ன விலை போகும் என்று சொல்வது எங்கள் வேலை. ஆனால் பல கோப்புகளில் நாங்கள் இடத்தைப் பார்க்கும் முன்பே விலை முடிவாகிவிடுகிறது. "பார்ட்டிக்கு 35 லட்சம் வேணும், அதுக்கு ஏத்த மாதிரி ரிப்போர்ட் குடுங்க" என்று கிளையிலிருந்தோ கடன் முகவரிடமிருந்தோ போன் வருகிறது. இது எப்படிக் கணக்கில் நுழைகிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறோம்.

1,200 சதுர அடி மனை. அதே தெருவில் அண்மையில் நடந்த கிரயங்களைப் பார்த்தால் சதுர அடி ரூ.2,000 என்று வைத்துக்கொள்வோம். மனை மதிப்பு 24 லட்சம். அதில் 1,000 சதுர அடி கான்கிரீட் வீடு, கட்டி 15 ஆண்டு. இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு ரூ.1,800 என்றால் 18 லட்சம். ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று எடுத்தால் 15 ஆண்டுக்குத் தேய்மானம் 4.05 லட்சம், வீட்டின் மதிப்பு 13.95 லட்சம். ஆக மொத்தம் 37.95 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்துள்ள வரம்பு சொத்து மதிப்பில் 80 சதவீதம். அதன்படி தரக்கூடியது 30.36 லட்சம்தான். 35 லட்சம் தர வேண்டுமானால் மதிப்பு 43.75 லட்சமாக வேண்டும். வீட்டின் மதிப்பை ஏற்ற முடியாது, அளவும் வயதும் கண்முன்னே நிற்கின்றன. எனவே அழுத்தம் முழுவதும் மனை விலை மேல் விழுகிறது: ரூ.2,000 என்பது ரூ.2,483 ஆக வேண்டும். அந்தக் கூடுதல் ரூ.483-க்கு ஆதாரமாகக் காட்ட அந்தத் தெருவில் ஒரு பத்திரமும் இருக்காது.

இல்லாத ஆதாரத்தை உண்டாக்கும் வழிகள் எல்லாக் கிளைகளுக்கும் தெரிந்தவைதான். காட்பாடி–சித்தூர் சாலை முகப்பு மனையின் விலையை உள்தெரு மனைக்கு ஒப்பீடாகப் போடச் சொல்வார்கள். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் விலையை அங்கீகாரம் இல்லாத மனைக்கு வைக்கச் சொல்வார்கள். வரைபடத்தில் 30 அடிச் சாலை, இடத்தில் அளந்தால் 20 அடி என்று இருக்கும்; 30 என்றே எழுதச் சொல்வார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாற்றங்கரையிலும், குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆற்றங்கரையிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தப் பகுதிச் சொத்துக்கு நாங்கள் எழுதும் வெள்ள அபாயக் குறிப்பை "அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க" என்று கேட்பதும் நடக்கிறது. கடன் வாங்குபவருக்கு நன்மை செய்வதாக நினைத்துத்தான் பலர் கேட்கிறார்கள். சொத்தின் தகுதிக்கு மீறிய தவணையை இருபது ஆண்டு கட்டப்போவது அந்தக் குடும்பம்தான்.

அடுத்து அடிக்கடி வரும் புகார், "கைடுலைன் மதிப்பை விடக் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள்" என்பது. கைடுலைன் எனப்படும் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்காகத் தெரு வாரியாக, சர்வே எண் வாரியாக அரசு வைத்திருப்பது. 2017 ஜூனில் அது தமிழகம் முழுவதும் ஒரே ஆணையில் 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அன்று சந்தை விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடவில்லை. ஆகவே அதைச் சந்தை விலைக்கு அளவுகோலாக வைத்து எங்கள் அறிக்கையைத் தவறு என்பது சரியல்ல. இதில் எங்கள் தரப்புச் சிக்கலையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கிரயங்கள் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பதிவாகின்றன; கைமாறிய உண்மைத் தொகை பத்திரத்தில் வருவதில்லை. அதனால் பத்திர விலையோடு, அக்கம்பக்கத்தில் விசாரித்த விலையையும், விற்பனைக்குச் சொல்லும் விலையில் பேரம் கழித்த தொகையையும் சேர்த்துப் பார்த்தே ஒரு முடிவுக்கு வருகிறோம். இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டுதான் "விசாரிச்ச விலைதானே, கொஞ்சம் ஏத்திப் போடுங்க" என்கிறார்கள்.

புகாரே வரக்கூடாது என்பது எங்கள் கோரிக்கை அல்ல. மதிப்பீட்டில் தவறு நேரலாம், கேட்க வங்கிக்கு முழு உரிமை உண்டு. முறையான புகார் என்றால், பரப்பளவு தவறா, நான்கெல்லை பத்திரத்தோடு பொருந்தவில்லையா, டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) அல்லது புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) வேறு அளவா, நாங்கள் விட்டுவிட்ட கிரயம் ஏதாவது உண்டா என்று குறிப்பிட்டு, பத்திர எண்ணும் தேதியும் தந்து எழுத வேண்டும். அப்படி வந்தால் மீண்டும் இடத்துக்குப் போய்ப் பார்த்து, திருத்தம் தேவையானால் புதிய தேதியிட்டு, காரணம் எழுதி, திருத்திய அறிக்கை தருவோம். பழைய அறிக்கையும் கோப்பில் இருக்கும். ஆனால் இப்போது நடப்பது வேறு. போனில் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் கட்டணம் நிற்கிறது, கோப்பு வேறொரு மதிப்பீட்டாளருக்குப் போகிறது, அவரும் மறுத்தால் மூன்றாமவருக்கு. தேவைப்படும் தொகை வந்த அறிக்கை மட்டும் கோப்பில் நிற்கும். முதலில் மறுத்தவருக்கு அடுத்த வேலை வராது. பேனலில் இருந்து எடுத்துவிட்டோம் என்ற கடிதம்கூடக் கிடைக்காது.

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகளின் நடத்தை நெறி, வாடிக்கையாளர் வசதிக்காக மதிப்புப் போடுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. 2007 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் மதிப்பீட்டாளர் சுதந்திரமானவராக இருக்க வேண்டும் என்று கூறியது. விதி இருக்கிறது, கிளை மட்டத்தில் அதைக் கேட்பார் இல்லை.

கடன் வாராக்கடன் ஆனதும் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. புதிய மதிப்பீட்டாளர் குறைந்த விலை போடுகிறார். பழைய அறிக்கை ஏன் அதிகம் என்று விளக்கம் கேட்கப்படுகிறது. ஏற்றச் சொல்லிப் போன் செய்தவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. மோசடி என்று முடிவானால் மதிப்பீட்டாளர் பெயர் இந்திய வங்கிகள் சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலுக்குப் போய், மற்ற வங்கிகளின் கதவும் அடைபடும். மோசடி என்று முடிவு செய்யும் முன் 21 நாளுக்குக் குறையாத அவகாசத்துடன் விளக்கம் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2024 ஜூலை நெறிமுறை சொல்கிறது. அதைக் கிளைகளுக்கு நினைவூட்டினாலே பாதி அநியாயம் குறையும்.

கடன்தாரருக்கும் இதில் இழப்பு உண்டு. வாராக்கடனுக்கு ஈடான சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் ஏலம் விடும்போது, 2002-ஆம் ஆண்டு விதிகளின் 8(5)-ன்படி மதிப்பீடு பெற்றுத்தான் குறைந்தபட்ச விலை வைக்க வேண்டும். கடன் தரும்போது ஏற்றச் சொல்லப்பட்ட அதே வீட்டுக்கு, சீக்கிரம் விற்றுத் தீர வேண்டும் என்பதற்காக விலையை இறக்கச் சொல்வதும் உண்டு. ஏலத்தில் வீட்டை இழப்பவர் மனுவோடு வந்து நிற்பது தங்கள் திங்கட்கிழமைக் குறைதீர்வுக் கூட்டத்தில்தான். அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் சுவாதீனம் கோரும் மனுக்களும் மாவட்ட நடுவர் என்ற முறையில் தங்களிடமே வருகின்றன.

வங்கிகளுக்கு நேரடியாக ஆணையிடும் அதிகாரம் ரிசர்வ் வங்கியிடம் இருப்பதை அறிவோம். ஆயினும் மாவட்ட வங்கியாளர்கள் கூடும் மாவட்ட ஆலோசனைக் குழுவின் தலைவர் தாங்களே. மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரும் ரிசர்வ் வங்கியின் மாவட்ட அலுவலரும் அதில் அமர்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்து, மதிப்பீட்டு வேலையை மின்னஞ்சலில் மட்டும் ஒப்படைக்கவும், அதில் கேட்கும் கடன் தொகையோ எதிர்பார்க்கும் மதிப்போ குறிப்பிடாதிருக்கவும், கடன் முகவர் மதிப்பீட்டாளரை நேரடியாகத் தொடர்புகொள்ளாதிருக்கவும் வங்கிகளை அறிவுறுத்த வேண்டுகிறோம். புகார் எழுத்தில், ஆதாரத்துடன் வர வேண்டும். பதிலளிக்க ஏழு வேலை நாட்கள் தர வேண்டும். இரண்டாவது அறிக்கை வாங்கினால் இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும். பேனலில் இருந்து நீக்கினால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். இவை எல்லாவற்றிலும் எங்களுக்கு மிக அவசியமானது, முதல் அறிக்கை கோப்பிலிருந்து மறையாமல் இருப்பது.

கூடவே, ஒப்பீட்டுக்குத் தேவையான கிரய விவரங்களைச் சர்வே எண், பரப்பு, தேதி, தொகை மட்டும் கொண்டு, பெயர்கள் இல்லாமல், சார்பதிவாளர் அலுவலகங்களில் இருந்து மதிப்பீட்டாளர்கள் பெற வழி உண்டா என்று பதிவுத்துறையிடம் கேட்டுத் தரவும் வேண்டுகிறோம்.

கூட்டத்துக்கு எங்களில் இருவரை அழைத்தால், புகார்ப் படிவம், திருத்திய அறிக்கைப் படிவம் இரண்டின் மாதிரியையும் கொண்டுவந்து விளக்கத் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வங்கிச் சொத்து மதிப்பீட்டாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: வேலூர்