காற்றுத் துப்பாக்கியும் துப்பும் நாகமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் கோடைமழை தொடங்கியதும் வீட்டு வாசலுக்குப் பாம்பு வருவது புதிதல்ல, ஆனால் 4.5 மி.மீ. குண்டு போடும் காற்றுத் துப்பாக்கிக்குத் தென்னாப்பிரிக்காவில் உரிமம் தேவையில்லை என்பதால், பாம்பைக் கண்டவுடன் சிலர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கவலை தருகிறது.

சென்ற மாதம் பக்கத்து வீட்டார், துணி துவைக்கும் கல்லடியில் சுருண்டிருந்த மொசாம்பிக் துப்பும் நாகத்தை நாலடி தூரத்திலிருந்து சுட்டார். குண்டு சிமெண்டுத் தரையில் பட்டுத் தெறித்து எங்கள் சமையலறைக் கண்ணாடியைக் கீறியது. பாம்போ படமெடுத்து, அவர் கண்ணில் நஞ்சைத் துப்பிவிட்டுச் சாக்கடைக் குழாய்க்குள் நுழைந்துகொண்டது. இரண்டு மீட்டருக்கு அப்பாலும் துப்பக்கூடிய இனம் இது. காற்றுத் துப்பாக்கியால் அதன் சிறிய தலையைக் குறி பார்க்கவோ அந்தத் தூரத்தைவிட நெருங்க வேண்டியிருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கால்மணி நேரம் விடாமல் கழுவியதால் அவர் பார்வை பிழைத்தது. (பாலை ஊற்றச் சொன்ன பெரியவர்களும் இருந்தார்கள்.)

காயம்பட்ட பாம்பு எங்கே கிடக்கிறதென்று தெரியாமல் இரண்டு நாள் பிள்ளைகளை முற்றத்தில் விடவில்லை. டர்பனில் வீட்டுக்கே வந்து பாம்பைப் பிடித்துச் செல்லும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரும்வரை எட்ட நின்று பாம்பின்மீது கண் வைத்திருந்தாலே போதும். அவர்களுடைய தொலைபேசி எண்களைத் தங்கள் இதழ் கோடை முடியும்வரை வாரந்தோறும் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்