கதை முடியும்வரை தாங்குகிற பாட்டில்

உ
காரைக்குடி, மார்கழி

அன்புள்ள ஆத்தா மீனாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் படிக்கப் புத்தகம் எடுத்து வைத்துவிட்டேன், கூடக் குடிக்க என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கதை நடக்கிற ஊரைப் பார்த்து ஒயின் வாங்குவார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். புத்தகம் எத்தனை நாள் ஓடும் என்று முதலில் பார். திறந்த பாட்டில் அத்தனை நாள் கெடாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீணாகிவிடுமே என்று குடிப்பாய், பக்கம் நகராது.

நுரைக்கிற ஒயின் மறுநாளே அடங்கிவிடும்; கவிதைத் தொகுப்புக்கு அது போதும். சிவப்பு ஒயினைத் தக்கையால் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து. அதற்குமேல் காற்றுப்பட்டுப் பழவாசனை போய் தட்டையாகிவிடும். 250 பக்க நாவலுக்குச் சரியாக இருக்கும். ஹீட்டர் ஓடுகிற அறையில் வைத்த பாட்டில் என்றால், ஊற்றுவதற்கு முன் இருபது நிமிஷம் ஃபிரிட்ஜில் வை. 16 முதல் 18 டிகிரியில்தான் அதன் ருசி தெரியும்.

பெரிய நாவலுக்கு டானி போர்ட் வாங்கு, போர்ச்சுகல் நாட்டு இனிப்பு ஒயின். பீப்பாயில் வருஷக்கணக்காகக் காற்றோடு பழகியது, ஆல்கஹாலும் 20 சதவீதம், அதனால் திறந்தபின் மூன்று நான்கு வாரம் தாங்கும். லேபிளில் 'விண்டேஜ்' என்று இருந்தால் எடுக்காதே, அது மூன்று நாளில் போய்விடும். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் மறுபடி எடுக்கிறாய் என்றால் மதீராதான். சூட்டில் வைத்தே பக்குவப்படுத்துகிற ஒயின் அது, மாதக்கணக்கில் கெடாது. இரண்டுமே ஓர் இரவுக்கு 60 மில்லி போதும். அனுப்பியிருக்கிற அதிரசம் டானியோடு அருமையாகப் பொருந்தும். சிவப்பு ஒயினுக்குத் தேன்குழலை எடுத்துக்கொள். காரச்சேவு வேண்டாம், ஆல்கஹால் மிளகாய்க் காரத்தைக் கிளப்பிவிடும்.

டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கேரல்' (1843) ஒரே ராத்திரியில் முடிகிற புத்தகம். அதன் கடைசியில் ஸ்க்ரூஜ் தன் குமாஸ்தாவைக் குடிக்கக் கூப்பிடுகிற 'ஸ்மோக்கிங் பிஷப்' என்கிற சூடான ஒயின் பானத்தை நீயே செய்யலாம், ஆனால் முதல் நாளே ஆரம்பிக்க வேண்டும். மூன்று ஆரஞ்சில் ஐந்தைந்து கிராம்பு குத்தி, 180 டிகிரி ஓவனில் தோல் இளம்பழுப்பாகும்வரை சுடு. கருகினால் முழுவதும் கசந்துபோகும். சுட்ட பழங்களோடு 60 கிராம் சர்க்கரை, 375 மில்லி சிவப்பு ஒயின் சேர்த்து ஒரு நாள் மூடி வை. பிறகு பிழிந்து வடிகட்டி, 375 மில்லி ரூபி போர்ட் (டானி அளவுக்குப் பழகாத சிவப்பு போர்ட்) ஊற்றிச் சுடவை. இதற்கு டானியைச் செலவழிக்காதே. அசலுக்குக் கசப்பான செவில் ஆரஞ்சு வேண்டும். அது ஜனவரியில்தான் கடைக்கு வரும் என்பதால் ஓர் எலுமிச்சையையும் சேர்த்துச் சுடு. கொதிக்க மட்டும் விடாதே. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிநிலைக்கு வந்துவிடும், அது ஆவியாகிப் போனால் கிராம்பின் கசப்புதான் மிஞ்சும். ஓரத்தில் ஆவி கிளம்பியதும் அடுப்பை அணை. ஆளுக்கு 100 மில்லி, அதுவே வலுவானது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை மட்டும் காப்பியோடு படி. நம் சிங்கம்புணரிக்காரர், கதை செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய, சுமத்ரா தீவின் மெடானிலும் நடக்கிறது. அதே சுமத்ரா மண்ணில் விளைந்த கொட்டை கிடைக்கும்: புளிப்புக் குறைவு, மண்வாசனையும் கனமும் அதிகம். 15 கிராம் தூளுக்கு 225 மில்லி வெந்நீர், நான்கு நிமிஷம். சிக்கரி கலந்தால் அந்த வாசனை அமுங்கிவிடும். நுணுக்கமான நடை, தூக்கக் கலக்கத்தோடு படிக்கிற நாவல் இல்லை அது.

மாப்பிள்ளை மது தொடமாட்டார் அல்லவா, அவருக்குச் சுக்குமல்லிப் பொடி வைத்திருக்கிறேன்: மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒன்று, மிளகு கால். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கட்டும். கருப்பட்டியில் மண் இருக்கும், தனியே கரைத்து வடிகட்டிச் சேர். பால் வேண்டுமென்றால் இறக்கியபின் ஊற்று, அடுப்பிலேயே ஊற்றினால் திரிந்துவிடும்.

அய்யா காலத்துப் புத்தகங்களைப் படிக்கும்போது டம்ளரைத் தனி ஸ்டூலில் வை. பழுப்பேறிய தாளில் கருப்பட்டித் துளி பட்டால் எறும்பு வரும். ஒயின் சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடு.

உன் ஆத்தா உன்னை விசாரித்தாள். பார்சல் வந்ததும் ஒரு வரி எழுது.

அப்பச்சி