ஸ்கீன்ஸையாவது விட்டு வைங்க சார்

2025 நவம்பர்

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் டீம் ஓனர் அவர்களுக்கும், ஜெனரல் மேனேஜர் அவர்களுக்கும், அந்த ஆபீஸ்ல ஆளை வேற டீமுக்கு மாத்தி விடுற டிரேட் போன் அடிச்சா எடுத்துப் பேசுற மத்த எல்லாருக்கும்,

வணக்கம். என்னடா இது தமிழ்ல எழுதுறானேன்னு பார்க்காதீங்க. இங்கிலீஷ்ல சொல்ல வேண்டியதை இந்த ஊரே சொல்லி முடிச்சாச்சு. போன ஏப்ரல்ல முதல் ஹோம் கேம் அன்னிக்கு ஸ்டேடியத்துக்கு மேல பிளேன்ல பேனர் கட்டி பறக்க விட்டாங்க, டீமை வித்துட்டுப் போங்கன்னு. கீழ உக்காந்திருந்தவங்க அதையே கோரஸா கத்தினாங்க. அதுக்கே அசையாதவங்க என் மடலுக்கு அசையப் போறதில்ல, தெரியும். இருந்தாலும் மனசுல இருக்கிறதை என் மொழியிலயாவது இறக்கி வச்சிடறேன். படிச்சுச் சொல்ல ஆள் வேணும்னா பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் கேன்டீன் பக்கம் வாங்க, புளியோதரை வாங்க நிக்கிறவங்கள்ல பாதிப் பேரு படிச்சுக் காட்டுவாங்க.

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம டீம்ல பந்து போடுற பிட்ச்சர் பால் ஸ்கீன்ஸை விக்காதீங்க.

இதை இப்போ ஏன் எழுதுறேன்னா, போன மாசம் 31ம் தேதி, ஹாலோவீன் ராத்திரி. என் பொண்ணு தெரு முழுக்க சுத்தி வாங்கிட்டு வந்த சாக்லேட்டை ஹால் தரையில கொட்டி தினுசு தினுசா பிரிச்சுக்கிட்டு இருக்கா. டிவியில பேஸ்பால் ஃபைனலான வேர்ல்டு சீரிஸ் ஆறாவது கேம், டொரண்டோல. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3, டொரண்டோ புளூ ஜேஸ் 1. கடைசி இன்னிங்ஸ், ரெண்டாவது பேஸ்லயும் மூணாவது பேஸ்லயும் டொரண்டோ ஆள் நிக்குது, இன்னும் ஒருத்தர் கூட அவுட் இல்ல. அந்த நேரத்துல மாத்து பிட்ச்சருங்க காத்திருக்கிற புல்பென்ல இருந்து டாட்ஜர்ஸுக்காக ஒரு நெட்டை மனுஷன் நடந்து வர்றாரு. டைலர் கிளாஸ்னோ. மூணே மூணு பால் சார். முதல் பால்ல ஒரு பாப் அப், மேல தூக்கி அடிச்சு லேசா கேட்ச், மூணாவது பால்ல லெஃப்ட்ல கேட்ச், புடிச்ச கையோட ரெண்டாவது பேஸுக்குத் தூக்கிப் போட்டு டபுள் பிளே, ஒரே அடியில ரெண்டு அவுட், கேம் முடிஞ்சுது. நான் சோபாவுல இருந்து எந்திரிச்சே நின்னுட்டேன். பொண்ணு நிமிர்ந்து பார்த்தா. "யாருப்பா அது, நம்மாளா?"

"முன்னாடி நம்மாளுதான்மா"ன்னேன்.

"எல்லாரையும் இதையேதான்பா சொல்ற"ன்னுட்டு கிட்கேட்டை எண்ண ஆரம்பிச்சுட்டா.

அவ சொன்னது பொய் இல்ல. மறுநாள் ஏழாவது கேம்ல, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல டொரண்டோவுக்கு ஜெயிக்கிற ரன்னா ஓடி வந்து ஹோம் பிளேட்ல அங்குல கணக்குல அவுட் ஆனாரே கைனர்-ஃபலேஃபா, அவரும் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நம்ம டீம்தான். போன வருஷம் பார்த்தா நியூயார்க் யாங்கீஸ் பக்கம் கெரிட் கோலும் கிளே ஹோம்ஸும். அதுக்கு முன்னாடி 2021ல அட்லாண்டா பிரேவ்ஸுக்காக முதல் கேம்ல காலு உடைஞ்சும் பால் போட்டாரே சார்லி மார்ட்டன், அவரும் நம்மாளு. வருஷா வருஷம் அக்டோபர்ல நம்ம ஆளுங்க ஆடுறாங்க. என்ன, போட்டிருக்கிற சட்டைதான் வேற.

என் போன்ல பேஸ்பால் ஆப் திறந்தா ஸ்டார் போட்டு வச்ச லிஸ்ட் ஒண்ணு இருக்கு. கோல், கிளாஸ்னோ, மஸ்க்ரோவ், டாயோன், ஹோம்ஸ், பெட்னார், ஜாஷ் பெல், இப்படியே கீழ போயிட்டே இருக்கும். ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் ஸ்கோரும் பார்த்துட்டுத்தான் படுப்பேன், நியூயார்க், சான் டியேகோ, சிகாகோன்னு ஊர் ஊரா. கட்டிக் குடுத்த பொண்ணு போன இடத்துல எப்படி இருக்காளோன்னு விசாரிக்கிற அப்பன் மாதிரி. "உனக்குன்னு ஒரு டீம் கிடையாதா, அமெரிக்கா பூரா சம்பந்தி வீடா"ன்னு வீட்டுல கேட்கிறாங்க. என்ன பதில் சொல்ல?

மஸ்க்ரோவை 2021 ஜனவரியில அனுப்புனீங்க. ஏப்ரல் 9ம் தேதி சான் டியேகோவுக்கு, எதிரணிக்கு ஒரு ஹிட் கூட குடுக்காத நோ-ஹிட்டர் போட்டாரு, அந்த டீமோட சரித்திரத்துலயே முதல் நோ-ஹிட்டர். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த சந்தோஷத்தை எந்த தொப்பியப் போட்டுக்கிட்டு கொண்டாடுறதுன்னு தெரியல.

கோல் கதை உங்களுக்கே தெரியும். டீம்கள் புது ஆளுங்களை எடுக்கிற 2011 டிராஃப்ட்ல முதல் பிக். 2018 ஜனவரி 13ம் தேதி ஹூஸ்டனுக்கு. ரெண்டு நாள் கழிச்சு 15ம் தேதி நம்ம ஸ்டார் பேட்டர் மக்கட்ச்சன் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு. பொங்கல் வாரம் சார் அது, எங்க வீட்ல யாரும் வாய் திறந்து பேசிக்கல. காசு இல்ல, சின்ன மார்க்கெட்டுன்னு சொன்னீங்க, சரின்னு வச்சுக்குவோம். ஆனா நம்ம ஊர்ல இருந்த வரைக்கும் கோலை சிங்கர்ங்கிற கீழ இறங்குற பால் போடு, தரையோட அடிக்க வைன்னு புடிச்சு வச்சிருந்தோம், ஹூஸ்டன்காரங்க அந்த ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பாலை மேல தூக்கிப் போடுய்யான்னாங்க, 2019ல 326 ஸ்ட்ரைக்கவுட். அடுத்து யாங்கீஸ் 324 மில்லியன் டாலர் குடுத்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. கையில வச்சிருந்தது என்னன்னே தெரியாம வித்திருக்கோம், அதுக்குக் காசு ஒரு காரணமா சொல்லுங்க. அந்த 2018லயே ஜூலை 31ம் தேதி டாம்பா பிட்ச்சர் கிறிஸ் ஆர்ச்சருக்காக கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், போதாததுக்கு ஷேன் பாஸ், மூணு பேரையும் தூக்கி டாம்பாவுக்குக் குடுத்தீங்களே, அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. டாம்பா நம்மளை விடப் பணக்கார டீம்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.

எனக்கு வயித்தெரிச்சல் வந்தது இதுக்கெல்லாம் கூட இல்ல. ஜெர்சிக்குத்தான்.

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தது 2012ல. பேஸ்பால் ஒரு மண்ணும் தெரியாது, சேப்பாக்கத்துல கிரிக்கெட் பார்த்தவன். 2013 அக்டோபர் 1, சின்சினாட்டியோட, தோத்தா வீட்டுக்குப் போற வைல்டு கார்டு கேம், ஆபீஸ்ல ஒருத்தர் கூட்டிட்டுப் போனாரு. ஸ்டேடியம் முழுக்க கருப்புச் சட்டை, 20 வருஷம் வரிசையா தோத்த ஊரு, "க்வேட்டோ... க்வேட்டோ..."ன்னு அவங்க பிட்ச்சர் பேரை ராகம் போட்டு இழுக்கிறாங்க, அவரு கையில இருந்து பந்து நழுவி கீழ விழுது, அடுத்த பால்ல ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன். அன்னிக்கு மாட்டினவன்தான். அப்புறம் 2015 அக்டோபர், 98 கேம் ஜெயிச்ச டீம், சிகாகோ பிட்ச்சர் அரியேட்டா வந்து ஒத்தை கேம்ல 4-0ன்னு முடிச்சுட்டாரு. அந்த வாரம்தான் என் பொண்ணு பொறந்தா. அவளுக்கு இப்போ பத்து வயசு முடிஞ்சுது, நம்ம டீம் பிளே-ஆஃப் ஆடி அவ பார்த்ததில்ல. ஒரு தடவை கூட.

அவளோட முதல் ஜெர்சி மக்கட்ச்சன் 22, கைக்குழந்தை சைஸ். அவளுக்கு ரெண்டே கால் வயசு ஆகுறப்போ ஆளு போயாச்சு. அடுத்து ஜாஷ் பெல் 55. 2020 டிசம்பர் 24ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், வாஷிங்டனுக்கு. நாளைக்கு சான்டா வருவாருன்னு இருக்கிற அஞ்சு வயசு பிள்ளைகிட்ட நான் என்னத்தைச் சொல்றது? மூணாவது, டேவிட் பெட்னார் 51. இவரைப் போக விடமாட்டாங்கடான்னு சத்தியமே பண்ணினேன், ஏன்னா பெட்னார் இங்கயே பக்கத்துல மார்ஸ்ங்கிற ஊர்க்காரர், சின்ன வயசுல இந்த டீமைப் பார்த்து வளர்ந்தவர். ஒன்பதாவது இன்னிங்ஸ்ல அவர் மைதானத்துக்குள்ள வரும்போது ஊரே எந்திரிச்சு நிக்கும். இந்த ஜூலை 31, யாங்கீஸுக்கு.

அவ அழல சார். அழுதிருந்தா கூட தேவலை. அந்த 51ஐ ஹேங்கர்ல இருந்து எடுத்து, நாலா மடிச்சு, 55க்குப் பக்கத்துல கீழ் டிராயர்ல வச்சுட்டு வந்தா. பழைய ஸ்வெட்டரை மடிச்சு வைக்கிற மாதிரி.

இந்த கிறிஸ்துமஸுக்கு ஸ்கீன்ஸ் 30 வாங்கலாமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா. "நாம வாங்கினா அவரும் போயிடுவாருப்பா." அப்போ யாரு ஜெர்சிதான் வேணும்னு கேட்டதுக்கு, நம்ம பழைய ஜாம்பவான் ராபர்ட்டோ கிளெமெண்டேவோட 21 வாங்கித் தாங்கறா. "அவரை யாரும் விக்க முடியாதுல்ல?"

18 சீசன் இதே டீம்ல ஆடி, சரியா 3000 ஹிட் அடிச்சு, 1972 டிசம்பர் 31ம் தேதி நிகரகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டு போற பிளேன்ல செத்துப் போன மனுஷன். பத்து வயசு பிள்ளை நம்பி சட்டை போட்டுக்க இந்த டீம்ல மிஞ்சி இருக்கிறது அவர் ஒருத்தர்தான்னா, உங்களுக்கு அது எப்படி இருக்கு? சொல்லப் போனா அவரையும் கூட... ரைட் ஃபீல்டு சுவத்துல இருந்த 21ஐ எடுத்துட்டு அந்த இடத்துல மதுபான விளம்பரத்தை ஒட்டினீங்களே இந்த வருஷம். குடும்பத்துல இருந்து கேட்டதுக்கப்புறம் தப்புதான்னு ஒத்துக்கிட்டு திரும்ப வச்சீங்க. ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. 21 அடி உயரச் சுவரை அவர் நம்பருக்காகவே கட்டிட்டு, அந்த நம்பரை எடுக்கும்போது ஆபீஸ்ல ஒருத்தருக்குக் கூடவா உறைக்கல?

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர், ஸ்டீல் மில்லுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நான் புலம்பினா சிரிப்பாரு. இதெல்லாம் உங்க காலத்துல ஆரம்பிச்சது இல்லப்பா, 1992 அக்டோபர் 14ஐப் பாருன்னுவாரு. அட்லாண்டாவுல லீக் ஃபைனல் ஏழாவது கேம், கடைசி இன்னிங்ஸ், ரெண்டு அவுட், நம்ம பேரி பாண்ட்ஸ் லெஃப்ட்ல இருந்து எறியறாரு, முட்டியில அத்தனை ஆபரேஷன் ஆன அட்லாண்டாவோட சிட் பிரீம் ஜெயிக்கிற ரன்னா நொண்டி நொண்டி ஓடி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டுட்டாரு. அந்த பிரீமும் ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நம்ம டீம்தான். அந்த குளிர்காலமே பாண்ட்ஸும் போயாச்சு. 20 வருஷத் தோல்விக்குக் கதவைத் திறந்து விட்டதே நம்ம பழைய ஆளுதான்னா, இது டீமா இல்ல குலசாபமா?

லாஸ் ஏஞ்சலஸ்ல டிவி காசு கொட்டுது, லீக்ல சம்பள உச்சவரம்பு கிடையாது, ஆட்டமே ஒருபக்கமா சாஞ்சு கிடக்குது, எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா மில்வாக்கி நம்மளை விடச் சின்ன ஊரு. இந்த வருஷம் 97 கேம் ஜெயிச்சு லீக்லயே முதல் இடம். அவங்களும் ஆளுங்களை விக்கிறாங்கதான், பதிலுக்கு என்ன வாங்கணும்னு தெரிஞ்சு விக்கிறாங்க. பணக்கார டீம்கள்கிட்ட இருந்து வர்ற பங்குப் பணத்தை எங்க செலவு பண்றீங்கன்னு 2018ல பிளேயர்ஸ் யூனியனே நாலு டீம் மேல புகார் குடுத்துச்சு, அதுல நம்ம பேரும் இருந்துச்சு. இதே ஊர்ல ஐஸ் ஹாக்கி டீம் 2016, 2017ன்னு வரிசையா கப் ஜெயிச்சுது, ஃபுட்பால் டீமுக்கு ஆறு சூப்பர் போல். நாம கடைசியா ஜெயிச்சது 1979. ஆத்தங்கரையில, கிளெமெண்டே பாலத்துக்கு எதிர்ல, நாட்டுலயே அழகான ஸ்டேடியம்னு பேரு. கிழக்கே பார்த்த வாசல், கருங்கல் தூண் வச்ச பெரிய வீடு மாதிரி, உள்ள போனா அடுப்பு எரியல.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்குங்க. விஷயத்துக்கு வர்றேன்.

ஸ்கீன்ஸ். 2023 டிராஃப்ட்ல முதல் பிக், 2024ல சிறந்த ரூக்கி, அதாவது புதுமுகம், போன வாரம் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது, ஓட்டுப் போட்ட 30 பேரும் அவரைத்தான் முதல்ல எழுதியிருக்காங்க. ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுக்கிற ரன், 1.97. ஜெயிச்சது 10, தோத்தது 10. ரெண்டு ரன்னுக்கும் கீழ குடுக்கிற மனுஷனை பத்து தடவை தோக்க விட்டிருக்கோம், ஏன்னா மொத்த லீக்லயே குறைச்சலா ஹோம் ரன் அடிச்ச டீம் நம்ம டீம்தான். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்ல. நானா இருந்தா என்னைக்கோ பெட்டியைக் கட்டியிருப்பேன்.

விக்கிற எண்ணமே இல்லைன்னு ஜெனரல் மேனேஜர் சொன்னதைப் படிச்சேன். நம்பணும்னுதான் இருக்கு. ஆனா எனக்கும் கணக்குத் தெரியும் சார். ஸ்கீன்ஸ் உங்க கையில இருக்கிறது 2029 வரைக்கும். கோலை ஒப்பந்தம் முடிய ரெண்டு சீசன் பாக்கி இருக்கும்போது வித்தீங்க. அதே கணக்குல போட்டா 2027 முடிஞ்சதும் ஸ்கீன்ஸ் முறை. அந்த ஜனவரியில என் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு.

நல்லது பண்ணவே இல்லன்னு சொல்லல. பிரையன் ரெனால்ட்ஸுக்கு எட்டு வருஷம் 106.75 மில்லியன் குடுத்தீங்க. 2023ல மக்கட்ச்சனைத் திரும்பக் கூட்டிட்டு வந்தீங்க, முதல் ஹோம் கேம்ல அவர் ஹெல்மெட்டைத் தூக்கினப்போ கண்ணு கலங்கிடுச்சு. பண்ணத் தெரியும் உங்களுக்கு. அதையே ஸ்கீன்ஸுக்கும் பண்ணுங்க. நாளைக்கே உக்காந்து பேசுங்க, எத்தனை வருஷம் முடியுமோ அத்தனை வருஷம். கூடவே அவருக்கு ரெண்டு ரன் எடுத்துக் குடுக்கிற மாதிரி நாலு ஆளு புடிங்க.

என்னால முடிஞ்சதை நான் பண்ணிட்டேன். போன சனிக்கிழமை கோயில்ல அவர் பேருக்கு அர்ச்சனை சீட்டு வாங்கினேன். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டாரு, தெரியாதுன்னேன். கோத்திரம் கேட்டாரு, அவர் படிச்ச லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டியைச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்துட்டு, சரி, சாமி பேருக்கே பண்ணிடறேன்னுட்டாரு.

ஆன்லைன் கடையில 30ம் நம்பர் ஜெர்சி ஒண்ணு கார்ட்ல போட்டு வச்சிருக்கேன். சின்னவங்க சைஸ், மீடியம். இன்னும் காசு கட்டல. டிசம்பர் 24 வரைக்கும் பார்ப்பேன். தயவு பண்ணி அதுக்குள்ள ஒரு நல்ல சேதி சொல்லுங்க.

இப்படிக்கு,
மூணு ஜெர்சியை டிராயர்ல வச்சிருக்கிற ஒரு பிள்ளையோட அப்பா