பிஎச்டி வாசல் வரை கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கும், அக்கா, அண்ணன்மாருக்கும் வணக்கம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இயற்பியல் ஒருங்கிணைந்த பிஎச்டி (முதுகலையும் முனைவர் பட்டமும் சேர்ந்த) படிப்பில் சேர்ந்துவிட்டேன். நேரில் சொல்ல வந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தால் அடுத்தது பி.எட்., இல்லாவிட்டால் டிஎன்பிஎஸ்சி. இரண்டும் நல்ல வழிதான். ஆனால் ஐஐடிகள் நடத்தும் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, மாதாமாதம் உதவித்தொகை வாங்கிக்கொண்டே முனைவர் பட்டம் வரை போகலாம் என்று சொல்ல எங்கள் தெருவில் ஆள் கிடையாது. முதலில் சொன்னவர் குவாண்டம் பாடம் எடுத்த மேடம், நீங்கள்தான். சொன்னதோடு விடாமல், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வைத்து, பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுத்தீர்கள். "இன்னும் எவ்வளவு நாள் படிப்பு?" என்று உறவினர்கள் கேட்டபோது வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினீர்கள். அன்றைக்குப் பிறகு அப்பா யாருக்கும் பதில் சொல்லத் தயங்கியதில்லை.

அந்தக் கோடையில் தன் லேசர் மேசையில் எனக்கும் இடம் கொடுத்த ஆய்வக அண்ணனுக்கு நன்றி. விடை யாருக்கும் தெரியாத கேள்வியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறுதோறும் இணையத்தில் வகுப்பெடுத்த சீனியர்களே, ஜாமில் மூன்று மணி நேரத்தில் அறுபது கேள்வி. பல விடைகள் சரியாக வரும் கேள்வியில் ஒன்றை விட்டாலும் மதிப்பெண் இல்லை. எதைத் தொட வேண்டும், எதைத் தாண்டிப் போக வேண்டும் என்று பழக்கியது நீங்கள். தமிழில் புரிய வைத்து, அப்புறம் அதையே ஆங்கிலத்தில் என் வாயால் சொல்ல வைத்தீர்கள். நேர்காணலில் கரும்பலகை முன் நிற்கும்போது அதுதான் கைகொடுத்தது.

இ-சேவை மைய அக்காவை யாரும் மறந்துவிடக் கூடாது. நம்மிடம் இருக்கும் எம்பிசி சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாத ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அக்கா, நீங்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால் எனக்கான இடஒதுக்கீட்டைக் கோரவே முடிந்திருக்காது. இந்தத் தகவலைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் எத்தனையோ பேருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஜாம் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கிவிடும். தம்பி தங்கைகள் அதற்குள் சான்றிதழை வாங்கி வையுங்கள். படிவம் நிரப்ப என்னைக் கூப்பிடுங்கள். ஞாயிறு வகுப்பில் மின்காந்தவியலை இனி நான் எடுக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி