தெரு நலச் சங்க ஆண்டறிக்கை – சேலம், குகை

தலைவர் அவர்களுக்கும், கூடியிருக்கும் உறுப்பினர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. தெருவிளக்குகள் மாற்றியாயிற்று. சாக்கடை மூடிக்கு மறுபடி மனு கொடுத்திருக்கிறோம். மீதி நேரத்தை ஒரே விஷயத்துக்குக் கேட்கிறேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு நம் தெருவில் வந்த சிக்குன்குனியாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. கொசு மருந்து அடித்தோம், நிலவேம்புக் கஷாயம் கொடுத்தோம். தை மாதக் கூட்டக் குறிப்பில் 'காய்ச்சல் ஓய்ந்தது' என்று எழுதியவன் நான்தான். அது தவறு. காய்ச்சல்தான் போயிற்று, மூட்டுவலி போகவில்லை. அன்றைக்கும் பல வீடுகளில் தறிச் சத்தம் கேட்கவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். கடைசிச் சந்தில் இருக்கும் பெரியவர் காலையில் குழித்தறியில் இறங்குமுன் சுவரைப் பிடித்துக்கொண்டு கணுக்காலை அசைத்து அசைத்துப் பார்க்கிறார். மிதியை அழுத்த அழுத்தக் கால் கொஞ்சம் இளகுகிறது. ஆனால் ஒரு முழம் நெய்வதற்குள் உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆகி, பலகையிலேயே சாய்ந்துவிடுகிறார். மறுநாள் எழவே முடிவதில்லை. நெசவு நூலைத் தார் சுற்றும் அவர் மனைவிக்கு விரல் மடங்கவில்லை. கூலியோ சேலைக் கணக்கு. நெய்யாத நாளுக்கு ஒன்றும் கிடையாது. 'காய்ச்சல் போய் ஆறு மாசமாச்சே, இன்னுமா?' என்று நாம் கேட்பதுதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது.

சிக்குன்குனியா என்ற பெயருக்கே வளைந்து முடங்குவது என்றுதான் பொருள். 1952-இல் இன்றைய தான்சானியாவில் இந்த நோய் பரவியபோது மகொண்டே மொழியிலிருந்து வந்த பெயர் அது. 2006-இல் நம் நாட்டில் 13 லட்சம் பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் இருக்கலாம் என்று பதிவானது. அப்போது வந்த வலி வருடக்கணக்கில் விடவில்லை என்று நம் தெரு மூத்தவர்கள் சிலர் இப்போதுதான் வாய் திறக்கிறார்கள். அன்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

பங்குனியில் மூட்டு மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேச வைத்தோம். வயதானவர்களுக்கும், முன்பே மூட்டுவலி உள்ளவர்களுக்கும் இது நீடிக்க வாய்ப்பு அதிகம் என்றார். வைரஸைக் கொல்லத் தனி மருந்து இல்லை. வலிக்கும் வீக்கத்துக்கும் சிகிச்சை உண்டு. மூன்று மாதம் தாண்டியும் மூட்டு வீங்கியே இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரை, காட்டப் போன ஓரிடத்தில் 'வேலைக்குச் சோம்பல்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதன் பிறகு அவர் எங்கும் போகவில்லை. அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்து மறுபடி கூட்டிப்போக நமக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

நெய்வதற்குப் பாவு நூல் தரும் முதலாளிகளைப் பார்த்து, முடியாதவர்களுக்குச் சேலை முடிக்கும் கெடுவைத் தளர்த்தக் கேட்டோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களிடம் திரும்பப் போவோம்.

அப்புறம் தண்ணீர். குழாயில் தினமும் வராத ஊரில் ட்ரம்மில் பிடித்து வைக்காமல் இருக்க முடியாது. இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் பெருகுகிறது. அதன் முட்டை ட்ரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கவிழ்த்தால் போதாது, தேய்க்க வேண்டும். சரி, விரல் மடங்காத வீட்டில் யார் தேய்ப்பது? நம் பிள்ளைகள்தான் வாரம் ஒருமுறை நார் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்த ஐப்பசிக்கு இன்னும் ஆள் வேண்டும். பெயர் கொடுங்கள்.

ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கைக்குத் திண்ணையோரம் நாற்காலி போட்டோம். முதல் வண்டி வந்ததும் அந்தப் பெரியவர் எழுந்து நின்றார். மூன்றாவது வண்டிக்கு உட்கார்ந்துவிட்டார். ஆனால் கடைசி வண்டி போகும்வரை இருந்தார்.

மருத்துவமனைக்குப் போய்வரும் ஆட்டோ செலவைச் சங்கம் அடுத்த ஆண்டும் ஏற்கக் கூட்டத்தின் ஒப்புதலைக் கேட்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் வாசிப்பார்.

செயலாளர்