பேஸ்காரன் காதில் 'செயின்ட் ஆங்கர்'

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தது. பெர்த்தில் வீடு அமைந்ததும், அம்மா உன்னோடு வந்து தங்கியிருப்பதும் படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது எப்படி? குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளடா. இங்கே எல்லோரும் நலம். மகள் இந்த வருஷம் உயர்நிலை ஒன்று. நாங்கள் இன்னும் ஈசூனில்தான். அதே புளோக், அதே காப்பிக்கடை. புரோட்டாக் கடை மட்டும் கைமாறிவிட்டது.

குடும்பச் செய்தி இவ்வளவு போதும். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். நம் அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிக்கா 1991உடன் முடிந்துபோனது, 2003இல் வந்த அவர்கள் ஆல்பம் 'செயின்ட் ஆங்கர்' வராமலே இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். பல வருஷமாக இதைத் துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோம். என் பக்கத்தை ஒரு தடவை முழுசாக எழுதிவிட ஆசை.

முதலில் அந்த 1991. உனக்கு அது எல்லைக்கோடு. நம்மைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்களைக் கேட்டுப் பார். அவர்கள் 1988இலேயே கோடு போட்டுவிட்டார்கள். நீ உயிராக மதிக்கும் அந்த 1991 கறுப்பு அட்டை ஆல்பத்தையே, பாட்டெல்லாம் வானொலிக்காகச் சுருங்கிவிட்டது என்று அவர்கள் ஒதுக்கினார்கள். இன்னும் பின்னால் போனால், 1984இல் 'ஃபேட் டு பிளாக்' அக்கூஸ்டிக் கிட்டாரோடு தொடங்கியதற்கே கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். எந்த வயதில் அந்தக் குழு நம் காதுக்குள் புகுந்ததோ அந்த வயதுக்கு நாம் விசுவாசமாக இருக்கிறோம் என்று நினைக்கிறேன். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அதை வைத்து ஒரு ஆல்பத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

2003 ஜூன் உனக்கு ஞாபகம் இருக்கும். சார்ஸ் பயம் அப்போதுதான் அடங்கியிருந்தது. மே 31ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. ஐந்து நாள் கழித்து அமெரிக்காவில் ஆல்பம் வெளியானது. ராணுவ முகாமில் காலையும் மாலையும் உடல்வெப்பம் எடுத்துக்கொண்டிருந்த நாம், புக்-அவுட் ஆகி வெளியே வந்த கையோடு ஆர்ச்சர்ட் ரோடு ஹீரன் கட்டடத்து எச்எம்வி இசைக்கடைக்கு ஓடினோம். ஹெட்ஃபோனை நீ மாட்டினாய். முதல் பாட்டு முடிவதற்குள் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு, "தகர டப்பாடா" என்றாய். உலகம் முழுக்க ரசிகர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதே வார்த்தைதான்.

அந்தக் கோபத்துக்குத் தகர டப்பா போல ஒலித்த டிரம் மட்டும் காரணம் இல்லை. 1996இல் முடி வெட்டிக்கொண்டு வந்து ஏற்கெனவே ஒரு கூட்டத்தைப் பகைத்திருந்தார்கள். 2000இல், இணையத்தில் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர்களைப் பட்டியலாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. 1997க்குப் பிறகு சொந்தப் பாட்டுகளால் ஆன புது ஆல்பமும் இல்லை. ஆறு வருஷம் காத்திருந்தவன் கையில், கிட்டார்காரர் கிர்க் ஹாமெட்டின் ஒரே ஒரு கிட்டார் சோலோகூட, அதாவது தனிவாசிப்புகூட, இல்லாத 75 நிமிஷத்தைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? அமெரிக்காவில் முதலிடம், மறு வருஷம் தலைப்புப் பாட்டுக்கு கிராமி. ஆனாலும் ரசிகன் வீட்டில் சண்டை ஓயவில்லை.

சரி, அந்த டிரம்முக்கே வருவோம். ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் அடித்தோலை ஒட்டிக் கம்பிச் சுருள்கள் ஓடும். அடி விழுந்ததும் 'சர்' என்று சத்தத்தைக் கத்தரித்து நிறுத்துவது அவைதான். குழுவின் டிரம்காரர் லார்ஸ் உல்ரிச் அவற்றை விடுவித்துவிட்டு வாசித்தார். அதனால் தோலும் கூடும் தம் பாட்டுக்கு 'டங், டங்' என்று ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. அது எனக்கும் பிடிக்காது. முன்பும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் போன மாதம் அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். பையனுக்குப் பதினாறு வயது, உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான், தைப்பூசத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பவன். நான் முகம் சுளிக்கத் தயாராக இருந்த இடத்தில் அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். "தோல் சத்தம் நல்லாத்தானே கேக்குது மாமா, பாட்டுதான் முடியவே மாட்டேங்குது" என்றான்.

மச்சான், இத்தனை வருஷத்தில் இந்த ஆல்பத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதுதான் சரியானது. தோல் அதிர்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த டிரம் ஒரு குறையே இல்லை. குறை நீளத்தில் இருக்கிறது. 2015இல் சில ரசிகர்கள் மொத்த ஆல்பத்தையும் தாங்களே திரும்ப வாசித்து, டிரம் ஒலியைச் சீராக்கி வெளியிட்டார்கள். நன்றாக உழைத்திருக்கிறார்கள், கேட்கவும் சுகமாக இருக்கிறது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறுதியானது: 'இன்விசிபிள் கிட்' எட்டரை நிமிஷப் பாட்டு, அதன் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. டிரம்மை எவ்வளவு துடைத்தாலும் அந்த மூன்றரை நிமிஷம் அப்படியே கிடக்கிறது.

நீ கிட்டார் சோலோ இல்லை என்று வருந்துகிறாய். நான் நம் பழைய குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த பேஸ்காரன். எனக்கு வேறொன்று இல்லாததுதான் உறுத்துகிறது. 1986 செப்டம்பரில் அவர்கள் பேஸ்காரர் கிளிஃப் பர்ட்டன் ஸ்வீடனில் பேருந்து விபத்தில் போனார். அடுத்த மாதமே அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988 ஆல்பத்தில் அவர் வாசித்த பேஸ் காதில் விழாதபடி கலவை செய்தார்கள். எங்கள் இனத்துக்கே இழைத்த அநியாயம் அது, இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. பதினான்கு வருஷம் அப்படியே நின்றார். பிறகு தனக்கென்று எக்கோபிரெயின் என்ற சின்னக் குழு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு ஒப்பவில்லை. 2001 ஜனவரியில் விலகிவிட்டார். அந்தக் காலி நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டு பாட்டு எழுத உட்கார்ந்தவர்கள்தான் 'செயின்ட் ஆங்கர்' செய்தார்கள். தயாரிப்பாளர் பாப் ராக் பேஸ் வாசித்தார். தாளம் பிசகாத வாசிப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழுவில் ஒருவனாக இருந்து, "இந்த இடத்தில் நான் இறங்குகிறேன், நீ மேலே போ" என்று சண்டை போட்டு வாசிப்பது வேறு. அந்தச் சண்டை இதில் இல்லை. கிட்டார் போகும் வழியிலேயே பேஸும் போகிறது. பாட்டுகள் சுற்றிச் சுற்றி வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

சிடியோடு ஒரு டிவிடி கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே பாட்டுகளை ஒத்திகை அறையில் நேராக வாசிப்பது. அதில் புதிய பேஸ்காரர் ராபர்ட் ட்ரூஹியோ இருக்கிறார். சேர்ந்து சில மாதம்கூட ஆகாதவர். பர்ட்டனைப் போலவே பிக் என்ற மீட்டும் தகடு இல்லாமல் விரலால் வாசிப்பவர். தயவுசெய்து அதை ஒரு தடவை போட்டுப் பார். அதே பாட்டு, அதே நீளம், ஆனால் அடியில் தரை வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் நீ கேட்க வேண்டும். கடைசிப் பாட்டு 'ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்'. எட்டே முக்கால் நிமிஷம், முடிவில் ஒரே கத்தல். அதே பாட்டை 2007இல் பிரிட்ஜ் ஸ்கூல் நிதிக் கச்சேரியில் அக்கூஸ்டிக் கிட்டாரில் வாசித்தார்கள்; 2019இல் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி குழுவோடும் வாசித்தார்கள். கத்தல் போனதும் அடியில் இருந்த மெட்டு வெளியே வந்துவிட்டது. எல்லாவற்றையும் தன் பிடிக்குள் வைத்திருக்கத் துடிப்பவனின் பயம் அதில் தெரிகிறது. தங்கள் அறக்கட்டளைக்கே அந்தப் பாட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். குப்பை என்று அவர்களே நினைத்திருந்தால் அதைச் செய்திருப்பார்களா?

எனக்கு இந்த ஆல்பம் பிடித்துப்போனதன் உண்மையான காரணம் இதோ. 2001 ஜூலையில் ஹெட்ஃபீல்டு குடியை விட சிகிச்சைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் வேலை செய்ய முடியும் என்றார். மற்றவர்களுக்குக் கோபம். ஏற்கெனவே கூப்பிட்டிருந்த ஆலோசகரோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். 2004இல் வந்த ஆவணப்படத்தில் அதெல்லாம் இருக்கிறது. இருபது வருஷம் சேர்ந்து வாசித்த ஆண்கள், "நீ என்னை மதிக்கவில்லை" என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்கிறார்கள், கேட்கிறார்கள், மறுநாள் திரும்ப வந்து வாசிக்கிறார்கள். அந்தப் பேச்சின் தழும்பு ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது. சுத்தமாக வாசித்து, அழகாகக் கலந்து, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுக் கலைந்திருக்கலாம். அப்படிக் கொடுத்திருந்தால் 2008 ஆல்பம் வந்திருக்காது. 2013 ஆகஸ்டில் சாங்கி கண்காட்சி நிலையத்தில் அந்தக் கூட்டத்தில் நீயும் நானும் தொண்டை கட்டக் கத்தியிருக்கவும் மாட்டோம்.

நம் குழு ஏன் கலைந்தது என்று நாம் மூன்று பேரும் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசினோமா? பெனின்சுலா கடைவளாகத்தில் கிட்டார் தந்தி வாங்கிவிட்டு, சேர்ந்து வாசிக்க ஜாமிங்குக்குப் போவோம். ஒரு சனிக்கிழமை அவன் வரவில்லை, அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

போன வாரம் தேக்காவில் அவனைப் பார்த்தேன். ஆமாம், நம் கிட்டார்காரன்தான். முடியெல்லாம் நரைத்துவிட்டது. மனைவியோடு காய்கறி வாங்க வந்திருந்தான். அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடித்தோம். உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டான். நம் ஊர் மெட்டல் குழு ருத்ரா இன்னும் வாசிக்கிறார்களா என்று கேட்டான். 1992இல் தொடங்கியவர்கள் 2022இலும் ஆல்பம் போட்டார்கள் என்றேன். நம் ஊர்த் தமிழ்ப் பையன்கள் இத்தனை வருஷம் மெட்டலை விடாமல் பிடித்திருப்பதை நினைத்து அவன் கண் கலங்கிவிட்டது. நீ டிசம்பரில் வருவதைச் சொன்னேன். கிட்டார் இன்னும் இருக்கிறது, தந்திதான் மாற்ற வேண்டும் என்றான்.

அதனால் டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் ஸ்டுடியோ எடுக்கலாம் என்று பார்க்கிறேன். உனக்கு எந்த நாள் தோது என்று உடனே எழுது. பள்ளி விடுமுறையில் இடம் கிடைப்பது சிரமம். 'ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்' அக்கூஸ்டிக் வடிவத்தைக் கற்றுக்கொண்டு வா. சோலோ வேண்டுமென்றால் நீயே அவனிடம் கேள், அவன் வாசிப்பான். அம்மாவிடம் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பேஸ்காரன்
ஈசூன், சிங்கப்பூர்