மோரிஸ் மைனரும் பீட்டலும்: குதிரைத் திறன் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில், 1960களின் மோரிஸ் மைனர் 1000, ஃபோல்க்ஸ்வாகன் பீட்டல் 1200 ஆகிய கார்களை ஒப்பிட்டு வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். மைனருக்கு 48 குதிரைத் திறன், பீட்டலுக்கு 34 என்று குறிப்பிட்டு, அந்த ஒரே கணக்கைக் கொண்டு மைனர்தான் வலுவான கார் என முடித்திருப்பது ஏற்புடையதாக இல்லை.

பீட்டலின் 34 என்பது, காற்றாடி, சைலன்சர் முதலிய அனைத்தும் பூட்டிய நிலையில் ஜெர்மானிய டி.ஐ.என். முறைப்படி அளந்தது. அவற்றைக் கழற்றிவிட்டு அளக்கும் அமெரிக்க எஸ்.ஏ.இ. முறையில் அதே இயந்திரத்துக்கு 40 என்று போட்டார்கள். மைனரின் 48 எந்த முறையில் அளந்தது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

அதைவிடப் பெரிய குறை, முறுக்கு விசையை, அதாவது இயந்திரம் சக்கரத்தைச் சுழற்றித் தரும் இழுவையை, தொடாமலே விட்டது. 1962இல் வந்த மைனரின் 1098 சி.சி. இயந்திரம் அந்த 48ஐ எட்ட நிமிடத்திற்கு 5,100 சுற்று சுழல வேண்டும். பீட்டலின் 1192 சி.சி. இயந்திரமோ தன் முழுத் திறனையும் 3,600 சுற்றிலேயே தந்துவிடுகிறது. இழுவையைப் பார்த்தால், மைனருக்கு 2,500 சுற்றில் ஏறத்தாழ 81 நியூட்டன் மீட்டர், பீட்டலுக்கு 2,000 சுற்றில் 82. எடையும் இரண்டுக்கும் முக்கால் டன்னை ஒட்டியதே. பினாங்கில் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் துன் சார்டோன் மலைச்சாலையில், சுமை லாரியின் பின்னால் ஊர்ந்து ஏறும்போது யாரும் இயந்திரத்தை 5,100 சுற்றுக்கு விரட்டுவதில்லை. அடிச்சுற்றில் கிடைக்கும் இழுவைதான் அங்கே கைகொடுக்கும். வளைவில் வேகம் அறவே குறைந்துவிட்டால், கியர்களின் சுழற்சி வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் சிங்க்ரோமெஷ் மைனரின் முதல் கியரில் இல்லாததால், கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் ஆக்சிலரேட்டரை அழுத்திச் சுற்றைக் கூட்டிய பிறகே அந்தக் கியரைப் போட முடியும். இல்லையேல் பற்கள் கரகரவென்று அரைபடும். பீட்டலின் ஏற்றுமதி வகைக்கு 1960 முதலே நான்கு கியர்களிலும் அந்த வசதி உண்டு.

இறக்கத்தில் மைனரின் கையே ஓங்குகிறது. அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் கொடுத்த, பற்சக்கரமும் பற்தண்டும் நேரடியாகப் பொருந்தும் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், சாலையின் போக்கை ஓட்டுநரின் உள்ளங்கைக்கே கொண்டுவந்துவிடும்; அந்தத் துல்லியத்தை அக்காலத்துச் சிறு கார்களில் காண்பது அரிது. பீட்டலுக்கோ இயந்திரத்தின் எடை முழுவதும் பின்புறம் இருப்பதாலும், பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் தொங்குவதாலும், மழையில் நனைந்த வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுச் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி வெளியே வீசிவிடும் அபாயம் உண்டு.

ஜார்ஜ்டவுன் நெரிசலில், காற்றாடியின் காற்றிலேயே குளிரும், ரேடியேட்டரே இல்லாத பீட்டலுக்குத் தண்ணீர் கொதிக்கும் கவலை கிடையாது. ஆனால் காற்றாடி பெல்ட் அறுந்தால் அக்கணமே நிறுத்தியாக வேண்டும்.

இத்தகைய கட்டுரைகளை நம்பிப் பழைய கார் வாங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆகவே இனி வெளியிடும் ஒப்பீடுகளில், திறனை அளந்த முறை, முறுக்கு விசை, அவை எந்தச் சுற்றில் கிடைக்கின்றன என்னும் விவரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் ஆர்வலர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.